பங்களாவுக்குப் போன பெட்டி
கார்கில்ஸ் என்ற கடைக் குடும்பத்தின் கதை, ஊவா மலையிலிருந்து

நமுனுகுல மலையைச் சுற்றிய தோட்டங்களில் ஒரு காலத்தில் தப்பால்காரர் என்று ஒருவர் இருந்தார். அவருக்குக் கொழுந்து வேலை இல்லை, கவ்வாத்து வேலையும் இல்லை. விடியுமுன் மலையிறங்கி டவுனுக்குப் போவார். துரையின் கடிதங்கள், பத்திரிகை, ரொட்டி, இறைச்சி எல்லாவற்றையும் பெட்டியில் வாங்கிக்கொண்டு, அதைத் தலையில் வைத்தே திரும்ப மலையேறுவார். பங்களா வாசலில் துரையின் வேலையாளான அப்பு அதை வாங்கிக்கொள்வார். மழையோ பனியோ அட்டைக்கடியோ, பெட்டி நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

அன்றாடப் பண்டம் பக்கத்து டவுனிலிருந்து வந்தது. மற்றது கொழும்பிலிருந்து வந்தது: விஸ்கி, பிஸ்கட் டின், ஜாம், கம்பளித் துணி, குதிரைச் சேணம், மருந்துப் போத்தல், துரைசாணியின் தொப்பி. துரை கடிதம் எழுதினால் கடைக்காரர் கட்டி அனுப்புவார், விலை துரையின் கணக்கில் ஏறும். அப்படிக் கட்டி அனுப்பிய கொழும்புக் கடைகளில் பெரிய பெயர்களில் ஒன்று கார்கில்ஸ். இலங்கையின் மிகப் பழைய பெருங்கடை அது. அதன் பெயருக்குரிய குடும்பம் பின்னால் எண்ணெய்க் கம்பெனி கண்டு, பெருஞ் செல்வர்களின் வரிசைக்குப் போனது.

இந்தக் கதையை எழுதியவர்கள் பெரும்பாலும் கொழும்புக் கோட்டையில் தொடங்கி, அங்கேயே முடித்துவிட்டார்கள். கடைக்கு வந்த காசு எங்கே விளைந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. அதைக் கேட்டால் பதுளை வழியாக மலையேறித்தான் ஆக வேண்டும்.

1844

கடையின் பிறப்பு ஆண்டு 1844. வில்லியம் மில்ன், டேவிட் சைம் கார்கில் என்ற இரு ஸ்காட்லாந்துக்காரர்களின் பெயர்கள் அதன் தொடக்கத்தோடு சேர்ந்தவை. இறக்குமதியும் மொத்த வியாபாரமுமாக ஆரம்பித்த தொழில் அது.

அந்த ஆண்டு தற்செயலாக வாய்த்ததல்ல. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1840இல், முடிக்குரிய காணிகள் பற்றிய சட்டம் வந்திருந்தது. உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் அரசாங்கத்தின் சொத்தாகி, தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டன. கண்டியைச் சுற்றித் தொடங்கிய கோப்பிப் பயிர் ஊவாப் பக்கம் பரவியது. அதோடு திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துச் சனங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலைக்கு வந்தார்கள். வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு யாரும் ஒழுங்காகக் கணக்கு வைக்கவில்லை. காடு அழிந்தது, கோப்பி வந்தது, துரைமார் வந்தார்கள். துரைமாருக்குச் சாமான் வேண்டியிருந்தது. கார்கில் நுழைந்த வாசல் அதுதான்.

கோப்பியைக் கொன்ற இலை நோயும் ஊவாவிலேதான் முதலில் கண்ணில் பட்டது. 1869இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அது தீவின் கோப்பித் தொழிலையே தின்று தீர்த்தது. 1884இல் ஓரியன்டல் பேங்க் கார்ப்பரேஷன் விழுந்தது. தோட்டக்காரர் பலர் சொந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். கோப்பிக் காலத்தின் கடைசியில் தொழிலாளிக்குக் கூலி மாதக்கணக்கில் பாக்கி நின்றது.

கார்கிலின் கடை விழவில்லை. காரணம் எளிது. கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. பழைய துரை போன பங்களாவில் புதிய துரை குடியேறினார். அவருக்கும் விஸ்கி வேண்டும், அவருடைய துரைசாணிக்கும் தொப்பி வேண்டும். பயிர் மாறினாலும் வாடிக்கை மாறவில்லை.

இரண்டு கணக்குகள்

தோட்டத்தில் எல்லோருமே கடனில்தான் வாழ்ந்தார்கள். துரைக்குக் கொழும்புக் கடையில் கணக்கு இருந்தது. தொழிலாளிக்குத் துண்டு இருந்தது. இரண்டையும் ஒரே மேசையில் விரித்துப் பார்த்தால் மலையகத்தின் பாதி வரலாறு விளங்கும்.

துண்டு என்பது ஒரு சீட்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக நினைக்கும் தொழிலாளி எவ்வளவு கடன் பட்டிருக்கிறார் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் அவர் நகரலாம். கட்டிய தொகை அவர் தலையிலேயே மறுபடி ஏறும். ஊரிலிருந்து வந்த வழிச்செலவு, கங்காணி கொடுத்த அட்வான்ஸ், தோட்டம் அளந்து போட்ட அரிசி, கம்பளி எல்லாம் பிடிக்கப்பட்டு, சம்பள நாளில் கைக்கு வந்தது மிச்சம். பெரிய கங்காணியே கடையும் வைத்திருந்த தோட்டங்களில் அந்த மிச்சமும் அங்கேயே போனது. கங்காணிக்குப் பணம் கொடுத்தவர்களில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் உண்டு. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன் ஒழியவில்லை, கடைக் கொப்பிக்கு இடம் மாறியது.

துரையின் கடன் அவருக்கு நம்பிக்கை தந்தது. மாதக் கடைசியில் சேர்த்துக் கட்டலாம், விளைச்சல் நல்ல ஆண்டில் இன்னும் கூட வாங்கலாம். கடைக்கும் அது நல்ல வாடிக்கை. தொழிலாளியின் கடன் அவரை லயத்தோடு கட்டிப்போட்டது. ஒரே மலை, ஒரே தேயிலை. ஒருவரின் கடன் கொழும்பில் ஒரு மாளிகை எழ உதவியது. மற்றவரின் கடன் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் மூன்று தலைமுறை தங்கியது.

ரங்கூனுக்கு ஒரு பாய்ச்சல்

கார்கில் குடும்பம் கடையோடு நின்றிருந்தால் இது ஒரு வசதியான வியாபாரிக் குடும்பத்தின் கதையாகவே முடிந்திருக்கும். டேவிட் சைம் கார்கிலின் கண் வங்காள விரிகுடாவுக்கு அப்பால் போனது. பர்மாவில் ரங்கூன் ஆயில் கம்பெனி என்ற ஸ்காட்லாந்து நிறுவனம் தள்ளாடிக்கொண்டிருந்தது. 1876இல் அவர் அதை வாங்கினார். பல ஆண்டுகள் அதில் நட்டம்தான். 1885இல் மேல் பர்மாவைப் பிரிட்டிஷ் படை பிடித்தது. மன்னர் தீபோ நாடு கடத்தப்பட்டார். எண்ணெய்க் கிணறுகள் இருந்த யெனாங்யாவுங் கம்பெனிக்குத் திறந்தது. 1886இல் கார்கில் பர்மா ஆயில் கம்பெனியை எடின்பரோவில் பதிவு செய்தார்.

1904இல் அவர் இறந்தார். மகன் ஜோன் டிரெயில் கார்கில் தலைவரானார். 1943வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டு, அந்த நாற்காலி அவருடையது. அவர் காலத்தில் பர்மா ஆயில் பாரசீகத்தில் எண்ணெய் தேடிய வில்லியம் நொக்ஸ் டார்சிக்குப் பணம் போட்டது. பணம் கரைந்துகொண்டே போனது. நிறுத்திவிடலாமா என்ற பேச்சு எழுந்த நேரத்தில், 1908 மே மாதம் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. அடுத்த ஆண்டு ஆங்கிலோ பெர்ஷியன் ஆயில் கம்பெனி பிறந்தது. அதன் சாதாரணப் பங்குகள் ஏறக்குறைய முழுவதும் பர்மா ஆயில் கையில் இருந்தன. இன்று உலகம் பி.பி. என்று அழைக்கும் நிறுவனத்தின் தாய் ஆங்கிலோ பெர்ஷியன்தான். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இன்னொரு பெயர் பழக்கமாக இருக்கும்: பர்மா ஷெல். 1928இல் பர்மா ஆயிலும் ஷெல்லும் சேர்ந்து இந்தியாவில் தொடங்கிய அந்த நிறுவனம் 1976இல் நாட்டுடைமையாகி, பின்னர் பாரத் பெட்ரோலியம் ஆனது.

இலங்கைத் தோட்டக்காரருக்கு ஜாம் டின் விற்ற ஒரு குடும்பம் ஒரே தலைமுறை இடைவெளியில் பாரசீக எண்ணெயின் வாசலில் நின்றது. ஆசியக் குடியேற்ற வியாபாரத்தில் இவ்வளவு நீளமாகத் தாண்டிய கடைக் குடும்பம் வேறொன்று எனக்குத் தெரியாது.

அந்தச் செல்வம் எங்கே போய்ச் சேர்ந்தது? சேர் ஜோன் கார்கில் 1920இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவியை நிறுவக் கொடை தந்தார். தம்பி டேவிட் வில்லியம் டிரெயில் கார்கில் பிரெஞ்சு இம்ப்ரெஷனிச ஓவியங்களைச் சேர்த்தார். இன்னொரு சகோதரர் வில்லியமும் அதே வழியில் போனார். அவர் சேர்த்த படங்கள் 1963இல் லண்டன் சோத்பீஸ் ஏலத்துக்கு வந்தபோது கலையுலகம் திரும்பிப் பார்த்தது. டேவிட் வில்லியமின் பெயரிலான அறக்கட்டளை ஸ்காட்லாந்தில் பலருக்கு உதவியது. இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. பேராசிரியர் பதவி நல்லது, மருத்துவமனைக் கொடை நல்லது. ஆனால் இந்தக் கொடைகளின் முகவரி எல்லாம் ஸ்காட்லாந்து. பசறைப் பாதையில் ஒரு தோட்டப் பாடசாலைக்கும் அந்தப் பெயர் இல்லை.

பர்மாக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு, அதைத் தமிழர்கள் மறக்கக் கூடாது. 1942இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது, எதிரி கையில் சிக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசின் ஆணைப்படி எண்ணெய்க் கிணறுகளும் சிரியம் சுத்திகரிப்பு ஆலையும் தகர்க்கப்பட்டன. அதே மாதங்களில்தான் பர்மாவிலிருந்த இலட்சக்கணக்கான இந்தியர்கள், தமிழர்களும் தெலுங்கர்களும் உட்பட, அசாம் எல்லையை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டார்கள். போர் முடிந்த பின் கம்பெனி நட்டஈடு கேட்டு வழக்காடியது. 1964இல் பிரபுக்கள் சபை கம்பெனியின் பக்கம் தீர்ப்புச் சொல்லியது. மறு ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பின்தேதியிட்ட சட்டமொன்றால் அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கியது. சட்ட மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். நடந்து வந்து வழியில் செத்தவர்களுக்கு வழக்கே இருக்கவில்லை.

சிவப்பு மாளிகை

கொழும்பில் கடை 1896இல் லிமிடெட் கம்பெனியாகியிருந்தது. யோர்க் வீதியில் இன்றும் நிற்கும் சிவப்புக் கட்டடம் 1906இல் முடிந்தது. கட்டடக் கலைஞர் எட்வர்ட் ஸ்கின்னர். ஒல்லாந்தர் காலத்தில் அந்த மனையில் பீட்டர் ஸ்லெய்ஸ்கன் என்ற அதிகாரியின் வீடு இருந்தது. பின்னர் முதல் பிரிட்டிஷ் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் அங்கே தங்கினார். தூண் வரிசை நடைபாதை, உயர்ந்த முகப்பு, தேக்கு அலமாரிகள், பிரிவு பிரிவாகப் பண்டங்கள். பக்கத்தில் மில்லர்ஸ், கோட்டையிலேயே வைட்எவே லெய்ட்லோ, கொழும்பு அப்போதிக்கரீஸ். கண்டியிலும் நுவரெலியாவிலும் கார்கில்ஸுக்குக் கிளைகள்.

ரயில் பாதை மலைக்கு வந்த வேகத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1885இல் நானுஓயா, 1893இல் அப்புத்தளை, 1894இல் பண்டாரவளை. பதுளைக்கு வண்டி வர 1924 ஆயிற்று. தேயிலைப் பெட்டியைக் கொழும்புக்கு இறக்கப் போட்ட பாதைதான். அதே பாதையில் எதிர்த்திசையில் துரைமாரின் சாமான் ஏறியது. ஸ்டேஷனிலிருந்து பங்களாவுக்கு மட்டும் ரயில் இல்லை. அந்தக் கடைசி மைல்களுக்கு மாட்டு வண்டியும் மனிதத் தலையும்தான்.

கிளாஸ்கோவிலிருந்து இன்னொரு கடைக்காரரும் ஊவாவுக்கு வந்தார். தோமஸ் லிப்டன் 1871இல் கிளாஸ்கோவில் தன் முதல் மளிகைக் கடையைத் திறந்தவர். 1890இல் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். கார்கில் தோட்டக்காரருக்கு விற்றார்; லிப்டன் தோட்டத்தையே வாங்கி, தேயிலையைத் தன் கடைகளில் நேரடியாக விற்றார். நடுவில் இருந்த தரகர் மறைந்தார், விலை இறங்கியது, பிரிட்டனின் சாதாரணக் குடும்பமும் தேயிலை குடித்தது. லிப்டன் திருமணம் செய்யவில்லை, வாரிசும் இல்லை. 1931இல் இறந்தபோது சொத்தின் பெரும்பகுதியைக் கிளாஸ்கோ நகருக்கு எழுதிவைத்தார். மறுபடியும் கிளாஸ்கோ. அப்புத்தளைக்கு மேலே அவர் உட்கார்ந்து பார்த்த இடத்துக்கு இன்று சுற்றுலாப் பயணிகள் வேனில் போகிறார்கள். போகும் வழி முழுக்க லயங்கள்.

யாழ்ப்பாணத்துச் சினிமாக்காரர்

1946இல் கதை வேறு கைக்கு மாறுகிறது. கார்கில்ஸின் கட்டுப்பாட்டுப் பங்கை வாங்கி, அதைப் பொதுக் கம்பெனியாக்கியவர் சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர், ஒரு தமிழர். 1928இல் சிலோன் தியேட்டர்ஸைத் தொடங்கி, இலங்கையில் படமாளிகைத் தொழிலை வளர்த்தவர். செனட் சபையிலும் இருந்தார். கொழும்பில் அவர் பெயரில் வீதி உண்டு. வெள்ளைத் துரைமாருக்காகவே கட்டப்பட்ட மாளிகையின் சாவி, நாடு விடுதலை அடைவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு தமிழர் கைக்கு வந்தது. பெருமைப்பட வேண்டிய செய்திதான்.

அடுத்த இரண்டு ஆண்டில் மலையகத்துக்கு வந்த செய்தி வேறு. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது, வாக்கும் பறிபோனது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது. தமிழர் என்ற ஒரே பெயரின் கீழே கொழும்பு முதலாளியும் நமுனுகுலக் கொழுந்துக்காரியும் இருந்தார்கள். அவர்களுக்கு இடையில் இருந்த தூரத்தை மொழி மூடவில்லை. இதைச் சொல்லாமல் கார்டினரின் வெற்றியை மட்டும் கொண்டாடுவது மலையகத்துக்குச் செய்யும் அநீதி.

எழுபதுகள் இரு பக்கத்தையும் வாட்டின. இறக்குமதிக் கட்டுப்பாட்டில் பெருங்கடைகளின் அலமாரிகள் காலியாயின. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் போனார்கள், பழைய வாடிக்கை போனது. தோட்டங்களில் அந்தப் பஞ்ச காலம் சாவைக் கொண்டுவந்தது. 1974இல் தோட்டங்களில் மரணங்கள் கூடின. மாவுக்கும் அரிசிக்கும் அலைந்த அந்த நாட்களைப் பற்றி இன்றும் பாட்டிமார் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

ஃபுட் சிட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் சிலோன் தியேட்டர்ஸ் கார்கில்ஸை முழுமையாகத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. ஆல்பர்ட் பேஜ் பொறுப்பேற்றார். இரண்டாவது கடைக் குடும்பம் இங்கே தொடங்குகிறது. 1983இல் கொழும்பு ஸ்டேபிள்ஸ் வீதியில் முதல் ஃபுட் சிட்டி திறந்தது. திறந்த பொருளாதாரம் வந்திருந்த காலம். ஊழியர் எடுத்துத் தரக் காத்து நிற்காமல் வாங்குபவரே கூடையில் போட்டுக்கொள்ளும் முறை.

1983 என்று எழுதும்போது கை தயங்குகிறது. அந்த ஆண்டு ஜூலையில் கொழும்பில் தமிழ்க் கடைகள் எரிந்தன. பதுளையிலும் எரிந்தன. ஊவாவில் தமிழருக்கும் ஒரு கடை வரலாறு உண்டு: துணிக்கடை, நகைக்கடை, பலசரக்குக் கடை என்று தந்தை, மகன், பேரன் நடத்திய குடும்பங்கள். தோட்டத்துச் சனம் தீபாவளிக்குத் துணி எடுத்ததும், கல்யாணத்துக்குத் தாலி வாங்கியதும், சம்பளம் வரும்வரை கடன் சொன்னதும் அந்தக் கடைகளில்தான். ஜூலை 27 அன்று அவற்றில் பல சாம்பலாயின. சிலர் திரும்ப எழுப்பினார்கள். சிலர் தமிழ்நாட்டுக்கோ கனடாவுக்கோ போய்விட்டார்கள். யோர்க் வீதிக் கடைக்கு ஆவணங்கள் இருக்கின்றன, ஆண்டு மலர்கள் இருக்கின்றன. பதுளைக் கடைகளின் கணக்குப் புத்தகங்கள் கடையோடு எரிந்தன. எழுதப்பட வேண்டிய வணிகக் குடும்ப வரலாறுகள் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன.

ஆல்பர்ட் பேஜுக்குப் பின் மகன் ரஞ்சித் பேஜ் காலத்தில் ஃபுட் சிட்டி கொழும்பை விட்டு வெளியே பரந்தது. 1999இல் ஹங்குரன்கெத்தவில் விவசாயிகளிடம் காய்கறியை நேரடியாக வாங்கும் நிலையம் தொடங்கியது. பழைய கார்கில்ஸ் கப்பலில் வந்த பண்டத்தை மலைக்கு அனுப்பியது. புதிய கார்கில்ஸ் மலையில் விளைந்ததைக் கொழும்புக்குக் கொண்டுபோகிறது. திசை மாறியதை நான் மதிக்கிறேன். ஐஸ்கிரீம், பால், பிஸ்கட், பின்னர் வங்கி என்று குடும்பத் தொழில் விரிந்தது. பழைய போட்டிக் கடையான மில்லர்ஸும் கார்கில்ஸ் கைக்கே வந்து சேர்ந்தது. இன்று கிளைகள் 500ஐத் தாண்டிவிட்டன.

பதுளையிலும் பண்டாரவளையிலும் ஃபுட் சிட்டி இருக்கிறது. சம்பளம் வந்த வாரம் பார்த்தால் தோட்டத்துக் குடும்பங்கள் தள்ளுவண்டியோடு வரிசையில் நிற்கும். பில் போடும் பிள்ளைகளில் சிலர் தோட்டத்திலிருந்து வந்து உயர்தரம் எழுதியவர்கள். அவர்களிடம் போய்த் தமிழில் பேசலாம். பாட்டன் தலையில் சுமந்துபோய் அப்புவிடம் கொடுத்த டின்னைப் பேத்தி தானே அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்து, விலையைப் பார்த்து, பல நேரம் திரும்ப வைத்துவிடுகிறாள்.

திரும்ப வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்ற கோரிக்கை பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல் சட்டமாயிற்று. அதற்குள் விலைவாசி அதைத் தாண்டிவிட்டது. 2022இல் ரூபாய் சரிந்தபோது மாவும் பருப்பும் பால்மாவும் கைக்கெட்டாமல் போயின. 2024இல் 1,350 என்றார்கள். அதுவும் பேர் விழுந்தால்தான், அதாவது குறித்த அளவு கொழுந்து எடுத்தால்தான். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். பெரிய கடை வந்ததால் லயத்துக் கடைக் கொப்பி மறைந்துவிடவில்லை. ஃபுட் சிட்டி கடன் கொடுக்காது. மாதத்தின் மூன்றாவது வாரம் தோட்டத்துச் சனம் போய் நிற்பது, பெயரைக் கொப்பியில் எழுதிக்கொண்டு அரிசி அளந்து கொடுக்கும் அதே சிறு கடைக்காரரிடம்தான்.

கார்கில்ஸின் இருநூறாவது ஆண்டு 2044இல் வரும். கம்பெனி மலர் வெளியிடும், கட்டடத்துக்கு விளக்குப் போடும். அதற்கு முன் செய்ய ஒரு வேலை இருக்கிறது. தோட்டங்களுக்குச் சாமான் அனுப்பிய பழைய கடிதங்கள், கணக்குகள், விலைப்பட்டியல்கள் எங்கே மிச்சமிருந்தாலும் அவற்றை மலையக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் நாமும் ஒன்று செய்யலாம். நமுனுகுல, பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களில் தப்பால் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் இருக்கிறார்கள். பெட்டியில் என்ன இருந்தது, எந்தப் பாதையில் போனார்கள், ஒரு நடைக்கு எவ்வளவு கூலி கிடைத்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கக் கம்பெனியின் அனுமதி தேவையில்லை. ஊவாப் பாடசாலைகளின் தமிழ் ஆசிரியர்கள் மனம் வைத்தால் வருகிற விடுமுறையிலேயே தொடங்கலாம்.